தயிரும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

(தோட்ட சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "தயிரு சாப்பிட்டா கிட்னிக்கு நல்லதாமே. அப்ப பிரஷர் மாத்திரைய நிப்பாட்டிறலாமா?" பலர் மனதிலும் இருக்கிற கேள்வி இது. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

நம் குடலில் கோடானுகோடி கிருமிகள் இருக்கின்றன. பயப்படாதீங்க, பெரும்பாலானவை நமக்கு உதவி செய்பவைதான். பாலைத் தயிராக்குவதும் நல்ல கிருமிகளே. கீரை, பயறு, காய்கறியில் உள்ள நார்ச்சத்துதான் குடல் கிருமிகளுக்குச் சாப்பாடு. அது குறைந்தால், செரிக்காமல் மிஞ்சிய புரதத்தை அவை கூடுதலாகத் தின்னும். அதிலிருந்து உண்டாகும் சில கழிவுகள் இரத்தத்தில் சேரும். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் கூடும்.

இந்தக் கழிவை வடித்துச் சிறுநீரோடு வெளியேற்றுவது கிட்னி. கிட்னி பழுதானால் கழிவு உடம்பிலேயே தேங்கும். இருக்கிற பழுதையும் கூட்டக்கூடும். வயிற்றுக்கும் கிட்னிக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

அப்படியென்றால் தயிர் மருந்தா? இல்லை. நல்ல கிருமிகளைக் கிட்னி நோயாளருக்குக் கொடுத்துச் செய்த பல ஆய்வுகளை, கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2023இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. அவை நோயைத் தடுத்து நிறுத்தும் என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஆனால் பிரஷரும் சீனி வியாதியும் கிட்னியைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும். கிட்னி சத்தமில்லாமல் கெடும். வலி தெரியாது. கால் வீங்கும்போது காலம் கடந்திருக்கலாம்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

வெறும் ரொட்டியும் சம்பலும் போதாது; லயத்துத் தோட்டத்துக் கீரையில் ஒரு பிடி சேருங்கள்.

கொழுந்து மலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள்.

இடுப்பு வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்காதீங்க. அதுவும் கிட்னியைத் தாக்கும்.

பிரஷர், சீனி உள்ளவர்கள் வருடம் ஒரு முறையாவது இரத்தமும் சிறுநீரும் சோதியுங்கள்.

ஏற்கெனவே கிட்னி வருத்தம் உள்ளவர்கள் தயிர், கீரை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் டாக்டரிடம் அளவு கேளுங்கள். தயிரில் பொட்டாசியமும் பொஸ்பரஸும் உண்டு.

அந்த அம்மாவுக்கு எங்கள் பதில் இதுதான்: தயிரு சாப்பிடுங்க அம்மா, மாத்திரையையும் போடுங்க.