நல்ல விமானத்திலிருந்து எதுக்குக் குதிக்கிறீங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஸ்கைடைவிங் பண்றவங்க எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போன கேள்வி இது: "நல்லாப் பறந்துக்கிட்டு இருக்கிற விமானத்திலிருந்து எதுக்குங்க குதிக்கிறீங்க?" அவங்ககிட்ட ஒரு பதில் தயாரா இருக்கும்: "எங்க விமானத்தை நீங்க பார்த்ததில்லை போல!"

ஜோக்தான். ஆனா அதுக்குள்ள ஒரு விஷயம் இருக்கு. நமக்கு ஸ்கைடைவிங்னா குதிக்கிற அந்த ஒரு நிமிஷம். அவங்களுக்கு விமானமும் விளையாட்டில் பாதி. எந்த ஊர் டிராப் ஸோனுக்குப் போனாலும் முதலில் கேட்பது, "என்ன விமானம் வச்சிருக்கீங்க?" ஏன் அப்படின்னு பார்ப்போம்.

பெரும்பாலானவர்கள் தொடங்குவது செஸ்னா 182-இல். ஒற்றை பிஸ்டன் எஞ்சின், சின்ன விமானம். பைலட்டைத் தவிர நாலு பேர். சீட்டெல்லாம் கழற்றியிருப்பார்கள், முழங்காலை மடக்கி, ஒருத்தர் மடியில் இன்னொருத்தர் சாய்ந்துதான் உட்காரணும். ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் ஐந்தாவது ஆளா ஏறியவர்களுக்கு இது புரியும். 10,000 அடி ஏற அரை மணி நேரம்கூட ஆகலாம்.

உயரம் வந்ததும் பக்கத்துக் கதவு மேல்நோக்கித் திறக்கும். காற்றே அதை இறக்கைக்கு அடியில் தூக்கிப் பிடிச்சுக்கும். நீங்க வெளியே காலை வச்சு, சக்கரத்துக்கு மேலே இருக்கிற படியில் நின்னு, இறக்கையைத் தாங்குகிற கம்பியைப் பிடிச்சுத் தொங்கணும். பஸ் ஃபுட்போர்டு மாதிரிதான், ஆனா கீழே ரோடு கிடையாது. பல ஆயிரம் தடவை குதித்தவர்கள்கூட செஸ்னாவைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் இளகிப்போவார்கள். முதல் குதியல் அங்கேதானே.

ஆனா 'உங்களுக்குப் பிடிச்ச விமானம் எது'ன்னு கேட்டா, அதிகம் கேட்கக்கூடிய பெயர் ட்வின் ஆட்டர். கனடாவின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் செய்தது, 1965-இல் முதல்முறை பறந்தது. காடு, பனி, ஏரி என்று சரியான ஓடுதளம் இல்லாத இடங்களுக்காக உருவான விமானம். யாரும் ஸ்கைடைவர்களை மனசில் வச்சு அதை வடிவமைக்கலை. ஆனா அவங்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

முதலில் எஞ்சின். இரண்டு டர்போபிராப். இருபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய கால் மணி நேரத்தில் 13,000 அடி போயிடும். இன்னொரு நுட்பமும் இருக்கு. பிஸ்டன் எஞ்சின் மேலே சூடாக இருக்கும். சட்டென்று கீழே இறக்கினால் வேகமாகக் குளிர்ந்து பழுதாகலாம் என்று பைலட்டுகள் நிதானமாக இறங்குவார்கள். டர்பைனுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆட்களை விட்டதும் மூக்கைச் சாய்த்து ஒரே இறக்கமா இறங்கிடலாம். குதித்தவர் பாராசூட்டில் ஆடி ஆடி வரும்போது, அவர் ஏறிப்போன விமானம் கீழே அடுத்த கும்பலை ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிக்கலாம் என்பதே இதில்தான் இருக்கு.

அடுத்தது கதவு. இடது பக்கம், பின்னாடி, அகலமான கதவு. வெளியே பிடிச்சுக்க நீளமா ஒரு கம்பி. நாலைந்து பேர் வெளியே தொங்க, மற்றவர்கள் உள்ளே நெருக்கி நிற்க, எல்லாரும் ஒரே தாளத்தில் கிளம்பலாம். இது ஸ்டைலுக்காக இல்லைங்க. 13,000 அடியிலிருந்து பாராசூட் திறக்கும் வரை கிடைப்பது சுமார் 60 விநாடி. வானத்தில் கைகோத்து வடிவம் அமைக்கிறவர்களுக்கு, ஆளுக்கு ஆள் ஒரு விநாடி தள்ளிப்போனாலும் அது பெரிய தூரம். பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் பாதி நேரம் போயிடும்.

ஆனா கதவுக்கிட்ட கூட்டம் சேர்வதில் ஆபத்தும் உண்டு. அத்தனை எடையும் வால் பக்கம் போனால் மூக்கு தூக்கும், வேகம் குறையும், ஒரு கட்டத்தில் இறக்கை தன் தாங்கும் சக்தியையே இழக்கும். அதனாலதான் எத்தனை பேர் பின்னாடி நிற்கலாம், எத்தனை பேர் தொங்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. நல்ல பைலட்டை ஸ்கைடைவர்கள் விமானத்துக்குச் சமமா மதிப்பதும் அதனாலதான்.

கதவுன்னு வந்தா ஸ்கைவேனைச் சொல்லாம போக முடியாது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துத் தயாரிப்பு, 1963-இல் முதல் பறப்பு. அழகுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க; செருப்புப் பெட்டிக்கு இறக்கை வச்ச மாதிரி இருக்கும். ஆனா அதோட பின்பக்கம் முழுசும் திறக்கும். குனிய வேண்டாம், தொங்க வேண்டாம். ஓடிப்போய் அப்படியே வானத்துக்குள்ள போயிடலாம்.

பின்பக்கக் கதவுக்கு ஒரு பிரபலமான கதையும் இருக்கு. 1971 நவம்பர் 24. அமெரிக்காவில் போர்ட்லேண்டிலிருந்து சியாட்டில் போன போயிங் 727-ஐ ஒருவர் கடத்துகிறார். 2,00,000 டாலரும் நாலு பாராசூட்டும் வாங்கிக்கொண்டு, பயணிகளை விட்டுவிட்டு, மறுபடி விமானத்தைக் கிளப்பச் சொல்கிறார். ராத்திரி நேரத்தில் வால் பக்கப் படிக்கட்டை இறக்கிக் குதித்துவிடுகிறார். டி.பி. கூப்பர் என்று உலகம் சொல்லும் அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. பறக்கும்போது அந்தப் படிக்கட்டு திறக்காமல் இருக்க, பிறகு 727-களில் ஒரு சின்னத் தகடு பொருத்தினார்கள். அதற்குப் பெயரே 'கூப்பர் வேன்'. இன்னைக்கு ஜெட்டின் பின்பக்கமா சட்டப்படி குதிக்கணும்னா, கலிஃபோர்னியாவின் பெரிஸ் நகரத்தில் இதற்காகவே மாற்றியமைத்த ஒரு டிசி-9 இருக்கு.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் வெப்பக்காற்று பலூன். விமானத்திலிருந்து குதிக்கும்போது வயிறு கவ்வுவது குறைவு; ஏன்னா விமானத்தின் வேகத்தால் காற்று ஏற்கனவே உங்களைத் தாங்குது. பலூன் காற்றோடு சேர்ந்து மிதக்குது. கூடையை விட்டதும் தாங்க எதுவும் இல்லை. சத்தமும் இல்லை. முதல் சில விநாடிகள் நிஜமாகவே 'விழுவது' அதில்தான்.

இப்போ அந்த ஜோக்குக்குத் திரும்புவோம். மேலே சொன்ன அதே பெரிஸில், 1992 ஏப்ரல் 22 அன்று, ஒரு ட்வின் ஆட்டர் 22 பேரோடு கிளம்பியது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது. ஏறும்போதே வலது எஞ்சின் சக்தி இழந்தது. அந்தப் பதற்றத்தில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் புரொப்பெல்லர் தவறுதலாக முடக்கப்பட்டது. 16 பேர் இறந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. குதிக்கப் போன அத்தனை பேர் முதுகிலும் பாராசூட். ஒண்ணு இல்லை, முதன்மையும் மாற்றும்னு ரெண்டு ரெண்டு. எதுவும் உதவலை. பாராசூட்டுக்கு உயரம் வேணும். அவங்களுக்கு அது இல்லை.

2013 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதற்கு எதிர்மாறாக ஒன்று நடந்தது. ஜோடியாகப் பறந்த இரண்டு சிறிய செஸ்னாக்கள், ஆட்கள் குதிக்கத் தயாரான நேரத்தில் மோதிக்கொண்டன. ஒன்றின் இறக்கை பிய்ந்து தீப்பிடித்தது. இரண்டிலும் சேர்த்து 11 பேர். 11 பேரும் உயிரோடு தரை சேர்ந்தார்கள். உடைந்த விமானத்தின் பைலட்கூட தன் அவசரப் பாராசூட்டில் இறங்கினார். ஏன்? உயரம் இருந்தது.

பெரிஸ் விபத்துக்குப் பிறகு ஸ்கைடைவர்களின் பழக்கம் ஒன்று மாறியது. அதுக்கு முன்னாடி, குதிக்கப் போறவனுக்கு எதுக்கு சீட் பெல்ட் என்று பலரும் அலட்சியமாக இருந்தார்கள். ஆனா விமானம் தரையில் மோதும்போது கட்டாத ஆள் பக்கத்தில் இருப்பவர் மேலேயே எறியப்படுவான். இப்போ ஆயிரத்துச் சொச்சம் அடி தாண்டும் வரை பெல்ட்டைக் கழற்ற விடமாட்டாங்க. ஹெல்மெட்டைக்கூடத் தலையில் மாட்டணும், இல்லைனா எங்கேயாவது கட்டி வைக்கணும்.

ஆக, ஸ்கைடைவருக்குப் பிடிச்ச விமானம் எது? கதவு, வேகம், ஏறும் நேரம் எல்லாம் சொல்வாங்க. ஆனா நீங்க அடுத்த தடவை யாரையாவது சந்திச்சா, இப்படிக் கேட்டுப் பாருங்க: "வானிலை சரியில்லைன்னு குதிக்காமலே திரும்பி வரணும்னா, எந்த விமானத்தில் நிம்மதியா உட்கார்ந்து தரையிறங்குவீங்க?" அதுக்கு வர்ற பதில்தான் உண்மையான பதில்னு நான் நினைக்கிறேன்.

பெல்ட் போடுங்க மக்களே, தரையில் போகும்போதும்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.