துப்பாக்கிக்கும் ஜாதிக்கும் நடுவில் ஓட்டு

(நாகரசம்பட்டிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கலகமும் வகுப்புப் பிளவும் உள்ள நாட்டில் தேர்தல் நடத்தலாமா என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். "முதலில் அமைதி வரட்டும், பிறகு ஓட்டு" என்கிறார்கள் சிலர். "ஓட்டுப் போட்டால் எல்லாம் சரியாய்விடும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் அரைகுறைப் பேச்சேயாகும்.

இலங்கையைப் பாருங்கள். 1981 ஜூன் 4-ந் தேதி மாவட்ட சபைத் தேர்தல். அதற்கு நான்கு நாள் முன்னால், தேர்தல் கூட்டத்தில் போலீஸ்காரர் சுடப்பட்டதைச் சாக்காக வைத்து, போலீசாரே யாழ்ப்பாணத்தில் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்களோடு நூல் நிலையம் எரிந்தது. சாம்பல் ஆறுமுன் ஓட்டுப் பெட்டி வந்தது! 2005 ஜனாதிபதித் தேர்தலிலோ, புலிகள் தமிழரை ஓட்டுப் போடாமல் தடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. ஒரு தடவை சர்க்கார் ஆயுதம், மறு தடவை கலகக்காரர் ஆயுதம். இரண்டிலும் வாயடைக்கப்பட்டவன் ஏழைத் தமிழனே. யுத்தம் முடிந்து, 2013-ல் வடமாகாண சபைக்கு ஜனங்கள் திரண்டு ஓட்டுப் போட்டு, 38 இடங்களில் 30 இடங்களைத் தமிழ்க் கூட்டமைப்புக்குத் தந்தார்கள். ஆனால் அந்தச் சபைக்குப் போலீஸ் அதிகாரமும் நில அதிகாரமும் கிடைக்கவில்லை. அதிகாரமில்லாத சபையால் என்ன பிரயோசனம்?

நிற்க. "அயல்நாட்டுச் சங்கதி நமக்கெதற்கு?" என்பீர்கள். மதுரை ஜில்லா மேலவளவில், ஆதிதிராவிடர் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவரானார் என்பதற்காக, 1997 ஜூன் 30-ந் தேதி, தோழர் முருகேசனும் இன்னும் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே கலகப் படை ஏதும் இல்லை. ஜாதி ஒன்றே போதுமானதாயிருந்தது! அதே ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்து வருஷ காலம், ஒன்று மனுப் போட ஆளில்லை. அல்லது ஜெயித்தவர் உடனே ராஜிநாமா. சர்க்கார் உறுதியாய் நின்ற பிறகே, 2006 அக்டோபரில் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

ஆகவே, தேர்தலைத் தள்ளிவைப்பது பரிகாரமல்ல. தள்ளிவைத்தால் லாபம் யாருக்கு? ஏற்கனவே மேலே ஏறி உட்கார்ந்திருப்பவனுக்கே! தேர்தல் நடக்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டுப் போடுகிறவனுக்கு உயிர்ப்பயம் இருக்கக்கூடாது. சிறு கூட்டத்தாருக்கும் வகுப்புவாரிப் பங்கு வேண்டும். ஜெயித்தவனுக்கு மெய்யான அதிகாரம் வேண்டும். இம்மூன்றும் இல்லாத தேர்தல், எண்ணிக்கை பெரிதான ஜாதியோ மதமோ மற்றவர்களை ஆளுவதற்கு எழுதிக்கொடுக்கும் பத்திரமேயாகும்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுவோர் கலந்து வாழும் எல்லைப்புறத்தார் நீங்கள். உங்களையே கேட்கிறேன்: ஆதிதிராவிடத் தோழர் தலைவராக வந்தால், அவர் நாற்காலியில் உட்கார, நீங்கள் எதிரே நின்று மனுக் கொடுப்பீர்களா? உங்கள் ஜாதிக்காரன் தடுத்தால், அவனை நீங்களே எதிர்ப்பீர்களா? "ஆம்" என்று சொல்லத் துணிவு வருகிற அன்றுதான் இங்கு ஜனநாயகம் பிறந்ததாக அர்த்தம் என்று கூறி முடித்துக்கொள்ளுகிறேன்.