இலையின் தற்காப்பு: பொன்முடி தரும் பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பொன்முடி. கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் பசுமைக்காடும் தேயிலையும் அடுத்தடுத்துக் காணப்படும். காலையில் மூடுபனி, அது விலகியதும் கண்கூசும் வெயில். இடம்விட்டு நகர இயலாத இலை இவ்விரண்டையும் எவ்வாறு தாங்குகிறது?

ஒளியே இலைக்கு ஆற்றல். அளவு மிஞ்சினால் அதுவே கேடு. பச்சையம் ஒளியைப் பற்றும் செயல் குளிரால் குறைவதில்லை. ஆனால், அவ்வாற்றலைக் கொண்டு உணவு ஆக்கும் நொதிகள் குளிரில் மந்தமடைகின்றன. வரவு குறையாமல் செலவு மட்டும் குறைகிறது. எஞ்சிய ஆற்றல், தீங்கு தரும் ஆக்சிஜன் வடிவங்களைத் தோற்றுவித்து இலையைச் சிதைக்கிறது. ஆகவே, குளிரும் கடும் ஒளியும் சேர்ந்து வரும் வேளையே ஆபத்தானது.

இதற்கு எதிராகத் தாவரங்கள் பல அரண்களை அமைத்துள்ளன. மெழுகுப் பூச்சும் நுண்மயிரும் ஒளியைச் சிதறடிக்கின்றன. சில இலைகள் சாய்ந்து நின்று வெயிலைத் தவிர்க்கின்றன. இலைக்குள் உள்ள சாந்தோஃபில் என்னும் மஞ்சள் நிறமிகள், ஒளி மிகும்போது வடிவம் மாறி, மிகை ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற உதவுகின்றன. ஒளி குறைந்ததும் பழைய வடிவை அடைகின்றன. இச்சுழற்சியை 1962-இல் யமமோட்டோ முதலியோர் விளக்கினர்.

மாந்தளிர் நிறம் என்று நம் முன்னோர் வழங்கிய செம்மையும் இத்தகைய அரணே எனலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நாங்கு, கறுவா போன்ற மரங்களின் தளிர்களிலும் அதனைக் காணலாம். பச்சையம் முதிரும் வரை, ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி திரைபோல் ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கிறது. பூச்சிகளிடமிருந்து காப்பதும் அதன் பணி என்பாரும் உளர்.

ஆயினும், இவ்வரண்களுக்கும் எல்லை உண்டு. 2019 ஜனவரியில் மூணாறில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சென்றபோது, தேயிலைத் தளிர்கள் கருகின. தளிர் கருகினால் கொய்யும் வேலை குறையும். தொழிலாளரின் வருவாயும் குறையும். இலைக்குள் நிகழும் மாற்றம் இவ்வாறு குடும்பத்தின் அடுப்பையும் தொடுகிறது.

தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழல், நண்பகல் ஒளியைத் தணிப்பதோடு, இரவில் நிலத்தின் வெப்பம் வெளியேறுவதையும் ஓரளவு தடுக்கிறது. அம்மரங்களின் மதிப்பை வெட்டுமர விலையால் மட்டும் அளத்தல் பொருளாதார நோக்கிலும் பிழையாகும். அவை காக்கும் விளைச்சலையும் வேலை நாட்களையும் கணக்கில் சேர்த்தலே முறையான திட்டமிடலாகும்.