அக்டோபர் கடைசியில் வஹாக்கா



மெக்சிகோவின் இறந்தோர் நாள் என்றதும் பலருக்கும் மெக்சிகோ நகரத்தின் பெரிய ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். மண்டையோட்டு ஒப்பனை, வானளாவும் பொம்மைகள், தெருவெல்லாம் கூட்டம். அந்த ஊர்வலம் தொடங்கியது 2016-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் கற்பனையாக வைத்த காட்சியை நகரம் நிஜமாகவே நடத்த ஆரம்பித்தது. பார்க்க அழகுதான். ஆனால் இந்தப் பண்டிகையை அறிந்துகொள்ள விரும்புகிறவர்களை நான் தெற்கே, வஹாக்காவுக்குப் போகச் சொல்வேன். அதுவும் நவம்பர் பிறந்த பிறகு அல்ல, நாலைந்து நாள் முன்னதாகவே. அங்கே பண்டிகை என்பது பெரும்பாலும் வீட்டு வேலை. அந்த வேலை நடக்கிற நாட்களில்தான் ஊரைப் பார்க்க வேண்டும்.

முதலில் சந்தைக்குப் போங்கள். நகரத்தின் மொத்தச் சந்தைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்து ஊரான த்லகோலுலாவின் வாரச் சந்தைக்குப் போகலாம். லாரி லாரியாகச் செண்டுமல்லி வந்து இறங்கும். கூடவே கருஞ்சிவப்புக் கோழிக்கொண்டைப் பூ, வீட்டுப் படையலுக்கு வளைவு கட்டக் கரும்பு, கோபல் என்கிற வாசனைப் பிசின், மெழுகுவர்த்தி. செண்டுமல்லியைக் கண்டதும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொந்தம் கொண்டாடத் தோன்றும். உண்மையில் அது மெக்சிகோவின் பூ. நம் கோயில் மாலைகளுக்கும் ஆயுத பூஜைச் சரங்களுக்கும் அது கடல் கடந்து வந்தது. அங்கே அதற்கு வேறு பொறுப்பு. அதன் நிறத்தையும் வாசத்தையும் பிடித்துக்கொண்டுதான் இறந்தவர்கள் வீட்டுக்கு வழி கண்டு வருவார்கள் என்பது நம்பிக்கை. அதனால் வாசலிலிருந்து படையல் வரைக்கும் இதழ்களை உதிர்த்துப் பாதை போடுகிறார்கள்.

நகரச் சந்தைகளுக்கு அருகிலேயே சாக்லேட் அரைக்கும் மில்கள் இருக்கின்றன. வஹாக்காவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சாக்லேட்டைப் பொட்டலமாக வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் பண்டிகை நெருங்கும்போது வீட்டுப் பெண்கள் வறுத்த கொக்கோ விதை, பாதாம், பட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் தங்கள் வீட்டு அளவில் சேர்த்து, கண்ணெதிரே அரைத்து வாங்குவார்கள். இயந்திரத்தின் வாயிலிருந்து கருப்பு விழுது சூடாக வழிந்து வரும். தெருமுனை வரை மணக்கும். அந்தப் பட்டை பெரும்பாலும் இலங்கையிலிருந்து போவது. இலங்கைக் கறுவாவைப் பல ஆண்டுகளாகவே மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோ. கொக்கோ அவர்களுடையது, கறுவா நம் பக்கத்துத் தீவினுடையது. இரண்டும் சேர்ந்து மறுநாள் காலை ஒரு பாட்டியின் படத்துக்கு முன்னால் கோப்பையில் ஆவி பறக்கும்.

அந்தப் படையலில் தண்ணீரும் உப்பும் கட்டாயம். நெடுந்தூரம் வந்தவருக்குத் தாகம் எடுக்கும் அல்லவா? பிறகு அவரவருக்குப் பிடித்தது: ஒருவருக்குப் பீர், இன்னொருவருக்குச் சிகரெட், குழந்தையானால் மிட்டாய். முட்டை சேர்த்துச் சுட்ட ரொட்டியின் உச்சியில் மாவில் செய்து வண்ணம் பூசிய சின்ன முகம் ஒன்று பதித்திருக்கும். கருப்பு மோலே என்கிற குழம்பும் உண்டு. மிளகாயைக் கருகும்வரை வறுத்து, எள், நிலக்கடலை, கிராம்பு, உலர்திராட்சை, கடைசியில் சாக்லேட் என்று இருபதுக்கும் மேற்பட்ட சாமான்கள் சேர்ப்பார்கள். நாள் முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும். இறந்துபோன ஒருவருக்காக இவ்வளவு பாடுபடுகிறவர்களைப் பார்த்தபின், இதை வெறும் வேடிக்கை விழா என்று என்னால் பேச முடியவில்லை.

இந்த வேலைகளுக்கு நடுவே அன்றாட வாழ்க்கையும் நிற்பதில்லை. விடியற்காலையில், சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். அந்த மாவு மண் சட்டியின் மேல் டோர்ட்டியா ரொட்டியாக வேகும். சாப்பாட்டுக் கடையிலிருந்து எழுந்து போகிறவர், முன்பின் தெரியாத உங்களைப் பார்த்தும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். பதிலுக்கு நன்றி சொல்லுங்கள். தலையைக் குனிந்துகொண்டே இருப்பது மரியாதை இல்லை.

அக்டோபர் 31 இரவு, நகரை ஒட்டிய ஹொஹொகொத்லான் கல்லறைத் தோட்டத்தில் குடும்பங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருக்கும். நவம்பர் 1 குழந்தைகளின் ஆன்மாக்களுக்கு, 2 பெரியவர்களுக்கு. எத்லா பள்ளத்தாக்கில் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் தைத்த உடையோடு, பித்தளை வாத்தியக் குழு முழங்க விடிய விடிய ஆடுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் சிரிப்பும் இருக்கும், அழுகையும் இருக்கும். போன மாதம் மகனை இழந்த தாயும் அங்கே இருக்கலாம். கேட்காமல் அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். யுனெஸ்கோ 2008-இல் இந்தப் பண்டிகையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, உண்மைதான். அதனால் அந்தத் தாயின் துக்கம் ஊருக்குப் பொதுவாகிவிடவில்லை.

படையல் முடிந்ததும் ரொட்டியும் மோலேயும் தட்டுத் தட்டாக உறவினர் வீடுகளுக்கும் ஞானப் பெற்றோர் வீடுகளுக்கும் போகும். தங்கியிருக்கும் இடத்தில் பழகிவிட்டால் உங்களையும் உள்ளே கூப்பிடுவார்கள். அப்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு கட்டுப் பூவோ, மெழுகுவர்த்தியோ, மில்லில் அரைத்த அரைக் கிலோ சாக்லேட்டோ வாங்கிப் போங்கள். அதை வீட்டுக்காரர் கையில் கொடுக்கலாம், அவர் சொன்னால் படையலிலேயே வைக்கலாம். பிறகு உட்காருங்கள். அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று கேளுங்கள், அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.