அயல்நாட்டில் வீடு வாங்குதல்



பொன்னையும் பொருளையும் நாம் செல்லுமிடமெல்லாம் உடன் கொண்டு செல்லலாம்; நிலத்தைக் கொண்டு செல்ல இயலாது. ஆதலின், நிலம் எந்நாட்டில் உள்ளதோ அந்நாட்டுச் சட்டத்துக்கே அது கட்டுப்படும். வாங்குபவர் எந்நாட்டுக் குடிமகனாயினும் இவ்விதி மாறாது. இங்கிலாந்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அங்குப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், “ஐயா, விலை பேசி முடித்தேன்; வீடு என்னுடையதாகிவிட்டது” என்று எழுதினார். ஊரிலுள்ள நிலத்தை உடனே விற்குமாறு தந்தையாருக்கும் எழுதியிருந்தார். “தம்பி, வீடு இன்னும் உன்னுடையதாகவில்லை; நிலத்தை விற்கவேண்டா” என்று விடை எழுதினேன். ஏன்? 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, இரு தரப்பாரும் கையொப்பமிட்டால்தான் செல்லும். அதுவரை இருவருள் எவரும் விலகலாம்.

அவ்விடைக்காலம் ஆராய்ச்சிக்குரியது. வாங்குபவரின் சொலிசிட்டர் நிலப் பதிவகத்தில் உரிமைப் பதிவின் நகலைப் பெறுவார். சாலை, கட்டட அனுமதி முதலியவற்றை உள்ளாட்சி மன்றத்திடம் வினவுவார். வீடு முழு உரிமையதா, குறித்த ஆண்டுகளுக்கான குத்தகையதா என்றும் காண்பார். கட்டடத்தின் பழுதுகளை அறியச் சர்வேயர் ஒருவரை அமர்த்துதல் நன்று.

பின்னர், கையொப்பமிட்ட ஒப்பந்தப் படிகள் கைமாறும். வழக்கமாக விலையில் 10 விழுக்காடு அப்போது செலுத்தப்படும். அதன்பின் வாங்குபவர் விலகினால் அத்தொகையை இழக்க நேரும். குறித்த நாளில் மீதியைச் செலுத்தித் திறவுகோலைப் பெறலாம். அந்நாளிலிருந்து 14 நாள்களுக்குள் முத்திரை வரிக் கணக்கு அளித்து, வரியும் செலுத்தவேண்டும். 2021 ஏப்ரல் முதல், அந்நாட்டில் வசியாதார்க்கு மேலும் 2 விழுக்காடு வரி உண்டு. இறுதியில் பதிவகத்தில் பெயர் ஏறிய பின்னரே சட்டப்படி உரிமை நிறைவுறும்.

இன்னோர் எச்சரிக்கை. “வங்கிக் கணக்கு எண் மாறியுள்ளது” என மின்னஞ்சல் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் அனுப்புக. வஞ்சகர் இவ்வழியில் பலரின் சேமிப்பைக் கவர்ந்துள்ளனர்.

அண்டையிலுள்ள ஸ்காட்லாந்திலோ முறையே வேறு. அங்கு இரு தரப்புச் சொலிசிட்டர்களும் மாற்றிக்கொள்ளும் கடிதங்களே ஒப்பந்தமாகின்றன. ஓர் அரசின் கீழேயே இத்துணை வேற்றுமை என்றால், பிற நாடுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? எனவே, எந்நாடாயினும் முதலில் மூன்றைக் கேளுங்கள்: ஒப்பந்தம் எப்போது கட்டுப்படுத்தும்? உரிமை எங்கே பதிவாகும்? நம் சார்பில் ஆராய்பவர் யார்? இவற்றுக்கு விடை பெறுமுன் பணப்பையைத் திறவாதீர்கள்.