‘இல்லை’யும் ‘கண்டறியப்படவில்லை’யும்



நீரிலும் கட்டடங்களிலும் நுண்ணுயிர் மாசினைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் மொழியியலுக்குத் தொடர்பற்றது எனத் தோன்றலாம். ஆயினும் அங்கு நிகழும் பணி யாவும் இறுதியில் ஒரு வாக்கியமாகவே மக்களை வந்தடைகின்றது. அவ்வாக்கியத்தைத் தமிழில் எங்ஙனம் அமைப்பது என்பதை இன்று நாம் ஆராய்வோம்.

1976ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு நடைபெற்றது. அதனையொட்டி 182 பேர் நுரையீரல் அழற்சிக்கு ஆளாயினர். அவர்களுள் 29 பேர் மாண்டனர். நோய்க்காரணியைத் தேடிய ஆய்வுக்கூடங்கள் அதுவரை அறியப்பட்ட கிருமிகளுள் எதனையும் கண்டில. பல திங்கள் கழிந்த பின்னரே ஜோசப் மெக்டேட் என்னும் அறிஞர், மாண்டோரின் நுரையீரல் திசுவிலிருந்து புதியதொரு பாக்டீரியாவை இனங்கண்டார். அதுவே லீஜியனெல்லா. குளிரூட்டும் கோபுரங்களிலும் வெந்நீர்க் குழாய்களிலும் பெருகி, நுண்துளிகள் வழியாக மூச்சில் கலப்பது அது.

வழக்கமான வளர்ப்பூடகத்தில் இக்கிருமி வளர்வதில்லை. கரித்தூள், ஈஸ்ட் சாறு, சிஸ்டீன், இரும்புச்சத்து ஆகியன சேர்ந்த ஊடகம் வேண்டும். ஈ.கோலை ஒரு நாளில் வெளிப்படும்; லீஜியனெல்லாவுக்கோ பத்து நாள் வரை காத்திருத்தல் வேண்டும். குளோரின் கலந்த நீரை எடுக்கும் புட்டியில் சோடியம் தயோசல்பேட்டு இடாவிடின், ஆய்வுக்கூடம் சேருமுன் குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடக்கூடும்; முடிவும் பிழைபடும்.

ஆதலின் ஆய்வாளர், “100 மில்லிலிட்டர் மாதிரியில் ஈ.கோலை கண்டறியப்படவில்லை” என்று அளவோடு எழுதுகிறார். இதனை அறிவிப்பாக மாற்றுவோர், “நீரில் கிருமி இல்லை” என முடித்துவிடுகின்றனர். மாதிரியின் அளவும் கிருமியின் பெயரும் மறைந்தன. ஒரு புட்டியைப் பற்றிய கூற்று கட்டடம் முழுமைக்கும் உரியதாயிற்று. “காணப்படவில்லை” என்பதும் ஐயத்திற்கு இடமளிக்கும். “இப்பறவை மலைப்பகுதிகளில் காணப்படுகிறது” என்னுமிடத்து ‘காணப்படுதல்’ இருத்தற்பொருளையே தருதலின், அதன் எதிர்மறையும் ‘இல்லை’ என்றே கொள்ளப்படும். ‘கண்டறியப்படவில்லை’ என்பதோ தேடியவர் ஒருவர் உண்டு, தேடிய முறை ஒன்று உண்டு என்பதை உணர்த்துகின்றது.

இவ்வேறுபாடு இலக்கண நுட்பம் மட்டுமன்று. ஈ.கோலை பற்றிய முடிவு லீஜியனெல்லாவைப் பற்றி எதுவும் கூறாது. “கிருமி இல்லை” என்னும் அறிவிப்பை நம்பி வெந்நீர்க் குழாயைப் பேணாது விடின், முதலில் இன்னலுறுவோர் முதியோரும் நுரையீரல் நலிந்தோருமே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீராய்வு அறிக்கையொன்றை வகுப்பில் வழங்கி, மின்தூக்கி அருகே ஒட்டத்தக்க அறிவிப்பாக அதனை எழுதப் பணியுங்கள். எக்கிருமி, எவ்வளவு நீர், எந்நாள் எடுத்தது, எம்முறை என்னும் நான்கும் அதில் இடம்பெற்றுள்ளனவா என நோக்குங்கள். அறிவியல் தமிழுக்குக் கலைச்சொற்கள் பல ஆக்கியுள்ளோம். அவற்றைத் தாங்கும் வினைமுற்றுக்கும் அதே கவனம் செலுத்துவோமாக.