‘புழு இல்லை’ என்று எழுதுமுன்



நாய்களின் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பேசத் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினரான நமக்கு உரிமை உண்டு. 1910இல் பேட்டன் என்ற ஆய்வாளர், மெட்ராஸ் ஹண்ட் வேட்டை நாய்களின் ரத்தத்தில் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு சிறிய ஒட்டுண்ணியைக் கண்டு எழுதினார். நரியின் ரத்தத்திலும் அது இருந்தது. இன்று உலகம் முழுதும் பபேசியா கிப்சோனி என்று அழைக்கப்படுவது அதுதான். பி.சி.ஆர். என்ற சொல்லே பிறக்காத காலத்தில், நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்த கண்ணுக்கு அது அகப்பட்டது.

இந்த அவையிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆய்வறிக்கையில் ‘புழு இல்லை’ என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவோம். எந்த முறையில் பார்த்தோம், மாதிரி எடுத்து எத்தனை மணி நேரமாயிற்று, எது தென்படவில்லை என்று எழுதுவோம்.

மலப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். இனி உப்பு கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.20. கொக்கிப்புழு முட்டையும் உருளைப்புழு முட்டையும் அதில் மிதந்து கவர் ஸ்லிப்பில் ஒட்டும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கிவிடும். அதற்குப் படியவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜியார்டியாவின் கூடு அந்த உப்பிலேயே சுருங்கிப்போகும். துத்தநாக சல்பேட் கரைசலில் சுழற்றினால்தான் உருக்குலையாமல் தெரியும். கடலூர் வெயிலில் ஒரு நாள் கிடந்த மலத்தில் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும். பிறகு முட்டையிலிருந்து வந்த இளம்புழுவா, மண்ணிலிருந்து ஏறிய புழுவா என்று தடுமாற வேண்டியதுதான். இன்னொன்று நெஞ்சைச் சுடுவது: தாய்ப்பாலின் வழியே கொக்கிப்புழு தொற்றிய குட்டி, புழு முட்டையிடத் தொடங்குமுன்பே ரத்தம் வற்றி இறந்துவிடக்கூடும். அந்தக் குட்டியின் மலத்தில் முட்டை இராது. வெளுத்த ஈறும் கறுத்த மலமும் சொல்வதை அறிக்கை மறுத்துவிடக் கூடாது.

ரத்தத்திலும் இதே நிலைதான். காது நுனியில் எடுத்த துளியில் பபேசியா கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். பேரிக்காய் வடிவில் இணையாகத் தெரியும் பெரிய வகைக்கு இமிடோகார்ப் மருந்து கேட்கும். சிறிய கிப்சோனியை அது முற்றாக ஒழிக்காது. ‘பபேசியா உள்ளது’ என்று மட்டும் எழுதினால் மருத்துவர் எந்த மருந்தை எடுப்பார்? நோயைத் தாங்கித் திரியும் நாயில் ஒட்டுண்ணி மிகக் குறைவு. ஸ்மியர் தவறவிட்டதைப் பி.சி.ஆர். பிடிக்கும். இதயப்புழுவுக்கான ஆன்டிஜன் கிட் எதிர்மறை என்று காட்டும்போதே ரத்தத்தில் நுண்ஃபைலேரியா நெளிவதுண்டு. தென்னிந்தியாவில் அப்போது முதலில் நினைக்க வேண்டியது தோலடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெபன்ஸ். கேரளத்தில் மனிதர் கண்ணிலிருந்தே அந்தப் புழுவை எடுத்திருக்கிறார்கள்.

ஆகவே இது நாயோடு முடியும் விஷயமன்று. தேவனாம்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டையிலோ மணலில் செருப்பில்லாமல் விளையாடும் குழந்தையின் காலில், நாயின் கொக்கிப்புழு இளம்புழு புகுந்து சிவந்த கோடாக ஊரலாம். அன்சைலோஸ்டோமா சிலானிகம் என்ற வகை மனிதக் குடலிலேயே முதிர்ந்து வாழும். நாயின் மற்றக் கொக்கிப்புழு முட்டைகளிலிருந்து அதன் முட்டையை நுண்ணோக்கியில் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. அங்கே மரபணுச் சோதனைக்கு மாற்றில்லை. சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி ஆய்வகமும் நம் கால்நடை மருந்தகங்களும் ஒன்றன் அறிக்கையை மற்றொன்று படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தெருநாய்க் கருத்தடை முகாம்களில் மயக்கத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாயிடமிருந்தும் ஒரு ரத்தப் பூச்சும் சிறிது மலமும் எடுத்தால், இந்தக் கடலூர் மாவட்டத்துக்கென ஒரு பதிவேடு உருவாகும். அதற்கான படிவத்தின் வரைவை மாலை அமர்வில் முன்வைக்கிறேன்; திருத்துங்கள், தேவையானதைச் சேருங்கள். கருத்தரங்கு தொடங்கட்டும்.